பேரும் சேர்த்துத்தான் விலை

சாலைக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, விபா தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிரே, தாய்லாந்தின் கோன்கேன் ஊரின் புறவழிச்சாலை ஓரத்தில், தகரக் கூரைக்கு மேலே அது இருந்தது. சிவப்புப் பலகையில் முழங்கை நீள வெள்ளை எழுத்துகள்: விபா கார் கேர். மணமுறிவு ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் அவள் இந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில்தான், பழைய கார் விற்கும் ஒரு கொட்டகைக்கு, வேலைக்குப் போய் வந்தாள். பெட்ரோல் கூடுதல். பெயரைப் பார்க்காமல் இருப்பதற்கான செலவு என்று வைத்துக்கொண்டாள்.

கார் கழுவும் அந்தக் கடையை விற்கப் போவதாக முன்னாள் கணவன் தனோங் போன வாரம் சொல்லி அனுப்பியிருந்தான். முதல் வாய்ப்பு அவளுக்குத்தானாம். ஒன்பது லட்சம் பாத். அப்பாவின் கரும்புத் தோட்டத்தில் அவள் பங்கை அண்ணன் எடுத்துக்கொண்டு கொடுத்த பணம் அதற்கு ஏறக்குறைய சரியாக வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது பொய். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. செய்தி வந்த இரவே மனதுக்குள் வாங்கி முடித்துவிட்டாள். தனோங் சாவியை மேசைமேல் வைப்பதையும், தான் அதை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைப்பதையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வைத்தாள்.

கடைக்கு அடுத்தாற்போல், தூங்குமூஞ்சி மரத்தடியில், புவாவின் சாப்பாட்டுக் கடை. அதன் பின்னால் புவாவின் கணவன் சாலியின் பயணிகள் வேன் தூசி படிந்து நின்றது. சோங்கிரான் புத்தாண்டுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. பாங்காக்கில் வேலை செய்கிற பாதி ஊர் வீடு திரும்புகிற வாரம். இந்த வாரத்தில் அந்த வேன் சும்மா நின்று அவள் பார்த்ததில்லை. பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை. சாவியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா விபா. உன் கடைதானே," என்றான் தனோங்.

அந்த வார்த்தையிலேயே அவளுக்குப் பல் கடிபட்டது. அவன் இளைத்திருந்தான். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அதைக் கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கார் கழுவ வரிசையாகப் போட்ட ஐந்து சிமெண்ட் தளங்களிலும் கார்கள் நின்றன. எல்லாவற்றின் மேலும் கரும்புக்காடு கொளுத்திய கரி அப்பியிருந்தது. விரலால் தொட்டால் மையாக இழுபடுகிற கரி. அதைத் துடைக்கக் கூடாது, தண்ணீர் அடித்துத் தூக்க வேண்டும். துடைத்தால் பெயின்டில் கோடு விழும். இரண்டாவது தளத்தில் ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எப்பவும் இப்படித்தான் கூட்டம்," என்றான் தனோங்.

"சோங்கிரான் வாரத்துல பூட்டின கடை முன்னாடிகூட கார் நிக்கும். போன மாசம் எப்படி?"

"இதே மாதிரிதான்."

"புளுகாதே."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு. சண்டை போடாமல் சண்டையில் ஜெயிக்கிற சிரிப்பு.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாலிஷ் இயந்திரத்தின் பஞ்சுத் தட்டைப் பெருவிரலால் அழுத்தினாள், பழைய பாலிஷ் இறுகிக் கல்லாகியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி. பம்பின் ஓசையில் ஒரு கரகரப்பு. எதைத் தொட்டாலும் கோபம் வந்தது. தான் வளர்த்த குழந்தையை யாரோ தலை வாராமல் பள்ளிக்கு அனுப்பியதைப் பார்க்கிற மாதிரியான கோபம். "அந்தத் துணியாலயா சக்கரமும் கதவும்? ரெண்டுக்கும் ஒரே துணியா?" என்று இரண்டாவது தளத்துக்காரனிடம் கத்திவிட்டாள். அவன் விழித்தான். இவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. தனோங் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவளைப் பார்த்தான். மீன் தூண்டிலைக் கடித்ததும் மனிதர்கள் அப்படித்தான் அசையாமல் நிற்பார்கள்.

கடைசித் தளத்தில் லம்யாய் அக்கா குந்தி உட்கார்ந்து சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை திறந்த நாளிலிருந்து இருப்பவள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, இப்படி ஆயிட்டே. பழைய கார் கொட்டகையில வேலை செஞ்சு செஞ்சு நீயும் பழசாயிட்டியா?"

"உன் வாய் மட்டும் புதுசாவே இருக்கு அக்கா."

"அதுக்குக் கோட்டிங் போட்டு வெச்சிருக்கேன்."

விபா சிரித்தாள். அங்கே வந்தபின் முதல் சிரிப்பு. பிறகு சுற்றிப் பார்த்துக் கேட்டாள், "உள்வேலை யாரும் பண்ணலையே. எல்லாக் காருக்கும் வெளிப்பக்கம் மட்டும்தானா?"

உள்வேலையில்தான் இந்தத் தொழிலில் காசு. இருக்கை, கதவுத் துணி, மேல்கூரை என்று உள்ளே முழுக்க நுரைபோட்டு, ஆவி பிடித்து எடுப்பது. விபாவின் கைக்கென்றே அந்த வேலை வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. கார் உள்ளே வந்ததும் அவள் ஸ்டியரிங்குக்குக் கைகூப்புவாள். பிறகு ஓட்டுநர் தலைக்கு மேலே பார்ப்பாள். புது வண்டி வாங்கியதும் பிக்கு வந்து மந்திரம் சொல்லி, வெண்குழம்பில் விரல் தொட்டுக் கூரையில் வைத்த ஒன்பது புள்ளிகள் அங்கே இருக்கும். அதன்மேல் காகிதம் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிறகுதான் மற்ற வேலை. கண்ணாடியில் தொங்குகிற மாலையை அவள் தொட மாட்டாள், சொந்தக்காரரே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "நீ காகிதம் ஒட்டுற நேரத்துல நான் இன்னொரு காரை முடிச்சிடுவேன்" என்று தனோங் அன்றைக்கே முணுமுணுப்பான்.

"சீசன்ல வெளிவேலை மட்டும் எடுத்தா வேகமாப் போகும்," என்றான் இப்போது.

லம்யாய் அவன் நகர்ந்து போகும்வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "முன்பணம் குடுத்துட்டியா?"

"இல்ல, பையில இருக்கு."

"அப்போ போய் புவா கடையில சாப்பிட்டு வா."

"பசிக்கல அக்கா."

"சாப்பிடுன்னா சாப்பிடேன்."

புவா உரலில் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். விபா முக்காலியில் உட்கார்ந்தாள். பத்து வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்ட முக்காலி.

"புவா அக்கா, எனக்கு ஒரு தட்டு. காரம் தூக்கலா."

"தீர்ந்துபோச்சு."

"உரல்ல இருக்கே."

"அது மனுஷங்களுக்கு."

விபா வேடிக்கை என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தாள். வேடிக்கை இல்லை. புவாவின் கையில் உலக்கை நின்றுவிட்டது.

"இங்க வந்து உக்கார உனக்கு எப்படித்தான் மனசு வருது? எந்திரி."

"என்ன அக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? போ, பின்னாடி நிக்குது, போய்ப் பாரு. பதினாலு வருஷமா அந்தப் புள்ளிக்குக் கீழ உக்காந்து ஓட்டினாரு என் வீட்டுக்காரரு. பெரிய பிக்கு தன் விரலால வெச்சது. லாரி கவுந்து பத்துப் பேர் செத்த எடத்துல எங்க வண்டி மட்டும் ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. அதை அழுக்குன்னு நெனச்சுத் தேச்சு எடுத்திருக்கே. கறை எடுத்ததுக்குத் தனியாக் காசு வேற."

விபாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, ஆனால் தன்னோடு சேர்த்துப் புரியவில்லை. "நானா?" என்றாள்.

"பின்ன நானா? தனோங் சொன்னான். அன்னைக்கு ஆள் இல்லைன்னு உன்னைக் கூப்பிட்டானாம், நீ வந்து உள்வேலை முழுக்கப் பண்ணிட்டுப் போனியாம். கோபத்துல அவ கவனமில்லாமப் பண்ணிட்டான்னு சொன்னான். பாவம், உனக்காக அவன் வந்து வண்டிக்கு மாலை வெச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான். நீ வரல. ரெண்டு மாசமாச்சு. நீ வரவே இல்ல."

"வேறே பிக்குவை..."

"யாரை? பெரியவர் போய்ச் சேந்துட்டாரு. சின்னவர் வந்து வெச்சாரு, இல்லைன்னு சொல்லல. ஆனா இவரு உக்காந்தாலே கை நடுங்குதுங்கிறாரு. வாடிக்கையா வர்றவங்க ஏறினதும் மேல பாக்குறாங்க, அப்புறம் ஏதோ மறந்த மாதிரி எறங்கிப் போயிடுறாங்க. சோங்கிரான்ல வண்டி நிக்குது விபா. சோங்கிரான்ல."

நான் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று விபாவுக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னால் புவா நிமிர்ந்து பலகையைப் பார்ப்பாள். பலகையில் விபா என்று இருக்கிறது. ஊரில் யார் போய் இந்தக் கதையைச் சொன்னாலும் "விபா கடையில" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள். இரண்டு வருடமாகத் தான் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தபோது தன் பெயர் மட்டும் இங்கேயே உட்கார்ந்து என்னென்ன செய்திருக்கிறது என்று நினைத்தாள். எல்லாவற்றையும்விட அந்த மாலைதான் தாங்க முடியவில்லை. தனக்காக அவன் மாலை வாங்கியிருக்கிறான். பத்து வருடக் குடித்தனத்தில் அவளுக்காக அவன் போய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் எழுந்து கடைக்குள் போனாள். தனோங் அலுவலக அறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தான். மேசைமேல் சாவியைத் தயாராக எடுத்து வைத்திருந்தான்.

"சாலி அண்ணன் வேனை யாரு பண்ணது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்ததும் பொய்யைத் தேடவில்லை. அதுகூட அவளுக்கு அவமானமாக இருந்தது. பொய்க்கான மெனக்கெடல்கூட இல்லை.

"நான்தான். புகையில பழுப்பேறி அது புள்ளின்னே தெரியல விபா. சத்தியமா. தேச்சு முடிச்சு ஈரத்துணி வைக்கும்போதுதான் தெரிஞ்சுது."

"என் பேரை ஏன் சொன்னே?"

"என் பேரைச் சொன்னா அன்னைக்கே கடையை மூடணும். பக்கத்துலயே இருக்கா அந்தப் பொம்பளை. நீ இங்க இல்ல. உனக்கு என்ன கெட்டுப்போகுதுன்னு..." நிறுத்திக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னான், "உன்னைன்னா அவங்க மன்னிப்பாங்க. உன்னை எல்லாருக்கும் பிடிக்கும்."

"மன்னிச்சாங்களா?"

மின்விசிறி அவன் பக்கமும் சுவர்ப் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அதனாலதான் சொல்றேன், நீயே எடுத்துக்கோ," என்றான். "வேற எவன் வாங்கினாலும் உள்வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ வந்து உக்காந்து, ரெண்டு மாசம் காகிதம் ஒட்டி, கும்பிட்டு, பழையபடி பண்ணினா ஊரு மறந்துடும். உன் பேரை உன்னாலதான் சரி பண்ண முடியும்."

அப்போது விபா தனக்குள் ஒன்றைக் கண்டு திகைத்தாள். இப்போதும் வாங்கத் தோன்றியது. முன்னைவிட அதிகமாகத் தோன்றியது. பையைத் திறந்து பணத்தை அவன் முகத்தில் எறிந்துவிட்டு, வெளியே போடா என்று சொல்ல வேண்டும். அந்த ஆசை பசி மாதிரி இழுத்தது. அவன் அவளைக் கூப்பிட்டு அனுப்பியதே இதற்காகத்தான். இயந்திரங்கள் மூன்று லட்சம்கூடப் பெறாது. இடம் அவன் மாமாவுடையது, இவள் பேருக்குக் குத்தகை எழுதிக் கொடுப்பாரா என்பதே சந்தேகம். மிச்ச ஆறு லட்சத்துக்கு அவன் விற்றுக்கொண்டிருந்தது அவளுடைய கோபத்தை. அவனுக்கு அவளைத் தெரியும். அது ஒன்றுதான் அவனிடம் தேயாமல் மிச்சமிருந்த சரக்கு.

தனோங்கை எடுத்துவிட்டு இந்தக் கடையை ஒரு தடவை நினைத்துப் பார்க்க முயன்றாள். கரகரக்கும் பம்பு. பாசித் தொட்டி. பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் புவா. அந்தக் கடைக்குள் போக அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவன் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில் கடையே இல்லை, ஒரு சாவியும் அவன் முகமும்தான் இருந்தன. அதற்கு அப்பாவின் கரும்புத் தோட்டத்துப் பணத்தைக் கொடுக்க வந்திருக்கிறாள்.

"வாங்கல," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

"பலகையிலேருந்து என் பேரை எடு."

தனோங் நாற்காலியில் சாய்ந்தான். "அது எப்படி? கடைன்னா பேரும் சேர்த்துத்தான் விலை. வாங்க வர்றவன் அந்தப் பேருக்குத்தானே காசு குடுப்பான்."

திறந்த வருடம் அந்தப் பெயரை வைத்தபோது அவள் வெட்கப்பட்டாள். தோழிகளெல்லாம் அவளைக் கேலி செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவன் பழைய கடனைக் கட்டாததால் வங்கியில் அவன் பெயருக்கு மதிப்பில்லை என்பது. இவள் பெயரில் கடன், ஆகவே இவள் பெயரில் கடை. அப்போது அவள் கோபப்படவில்லை. அந்தக் கோபமும் இப்போதுதான் வந்தது, இத்தனை வருடம் தாமதமாக.

அவள் வெளியே வந்து கருவி அலமாரியைத் திறந்தாள். சூடான காற்று ஊதும் துப்பாக்கி அவள் வைத்த அதே கொக்கியில் தொங்கியது. ஏணியை இழுத்துச் சுவரில் சாய்த்தாள். லம்யாய் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், மின்கம்பியை நீட்டிச் சொருகிக் கொடுத்தாள்.

"விபா, இறங்கு," என்றான் தனோங் கீழிருந்து. "பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்குறாங்க."

அவள் முதல் எழுத்தின் ஓரத்தைச் சூடாக்கினாள். ஸ்டிக்கரை அவசரப்பட்டு இழுத்தால் கிழியும், அதிகம் சூடாக்கினால் பெயின்ட் கொப்பளிக்கும். கோபம் உச்சந்தலைவரை இருந்தது. ஆனால் கை அதனோடு சேரவில்லை. கை தன் பாட்டுக்கு மெதுவாக, சாய்வாக, நகம்படாமல் உரித்தது. கார்க்காரர்கள் நிழலிலிருந்து எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார்கள். புவாவும் உலக்கையோடு வெளியே வந்தாள்.

"என்ன கூத்து இது?" என்றாள் புவா.

"அவ அன்னைக்கு இங்க இல்ல," என்றாள் லம்யாய் திடீரென்று. யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் சத்தமாக. "சாலி வண்டியைத் தேச்சது தனோங். நான் பக்கத்துல இருந்தேன்."

விபா ஏணியிலிருந்து திரும்பினாள். "ரெண்டு மாசமா உனக்குத் தெரியுமா?"

"வேலை போயிடும்டி."

"ரெண்டு மாசம் அவங்க என்னைத் திட்டுறதைக் கேட்டுட்டு இருந்தியா?"

லம்யாய் குனிந்து மின்கம்பியின் சிக்கை எடுத்தாள். அவளை மன்னிக்க வேண்டும் என்று விபாவுக்குத் தோன்றவில்லை. இன்னொரு நாள் தோன்றலாம். திரும்பி மிச்ச எழுத்தை உரித்தாள்.

புவா தனோங்கையே பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதே," என்றாள் புவா. பிறகு, சோர்ந்த குரலில், "யாரு பண்ணா என்ன. அழிஞ்சது அழிஞ்சதுதான்."

பெயரின் கடைசி எழுத்தும் உரிந்து வந்தது. விபா பசையைத் துடைத்துவிட்டு ஏணியிலேயே பின்னால் சாய்ந்து பார்த்தாள். அவள் பெயர் அங்கேயேதான் இருந்தது. இத்தனை வருட வெயிலில் பலகை வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தது. எழுத்து மூடியிருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. முதல் நாள் அடித்த சிவப்பு அங்கே அப்படியே பளிச்சென்று, முன்னைவிடத் தெளிவாக, விபா என்று நின்றது.

கீழே தனோங் சிரித்தான். "பாத்தியா. போகாது."

அவள் அதை மறுபடி பார்த்தாள். மூடியிருந்த இடம் வெளிறாது. எல்லாப் பரப்புக்கும் அப்படித்தான். இரும்புக்கு. துணிக்கும்.

ஏணியிலிருந்து இறங்கி நேராகப் புவாவிடம் போனாள்.

"வேன் சாவி குடுங்க அக்கா."

"எதுக்கு?"

"குடுங்க. எதையும் தொடமாட்டேன். லம்யாய், அந்த டார்ச்."

வேனுக்குள் அடுப்பு மாதிரி வெப்பம். விபா ஸ்டியரிங்குக்குக் கைகூப்பினாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் மல்லாந்து, டார்ச்சைக் கூரைக்கு நேராகப் பிடிக்காமல், துணியோடு ஒட்டினாற்போல் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடித்தாள். சின்ன பிக்கு வைத்த புதுப் புள்ளிகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளிச் சுத்தமான சாம்பல் துணி. ஒன்றுமில்லை. டார்ச்சை இன்னும் தாழ்த்தினாள். பதினான்கு வருட வெயிலில் மங்கிய சாம்பலுக்கு நடுவில், மங்காத சாம்பலாக, ஒரு விரல்நுனி அளவில் ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு.

"அக்கா, இங்க தலையைக் குடுங்க. இந்தப் பக்கமா. இப்பப் பாருங்க."

புவா இடித்த மிளகாய் நெடியோடு அவள் தோளுக்கு மேலே சாய்ந்தாள். பிறகு உள்ளங்கைகள் சேர்ந்தன.

விபாவின் கண்ணுக்கு மூன்று புள்ளிகள் சந்தேகமில்லாமல் தெரிந்தன. மற்ற ஆறும் இருக்கின்றன என்று புவா ஒவ்வொன்றாகக் காட்டினாள். விபா மறுக்கவில்லை.

"அவரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள் புவா. இறங்கப் போனவள் நின்றாள். "நீ கடையை வாங்கப் போறியா?"

"இல்ல அக்கா."

"அப்போ உள்வேலைக்கு உன்கிட்ட வரணும்னா எங்க வர்றது?"

விபா டார்ச்சை அணைத்தாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், தனோங் பாலிஷ் இயந்திரத்தோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான், அவள் பெயரைத் தேய்க்க. கல்லாய்ப் போன அந்தப் பஞ்சுத் தட்டை மாற்றாமலே ஏறினான். அதால் தேய்த்தால் பலகை முழுக்கக் கோடு விழும்.

அவள் சொல்லவில்லை.

"நான் வீட்டுக்கே வர்றேன் அக்கா," என்றாள். "டேப்பும் காகிதமும் என் வண்டியிலதான் இருக்கு."